கண்ணுகடி

திருமணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் மாதங்களில் என் மனைவி என்னிடம் பேசியது குறைவு. சாப்பாடு வைக்கட்டுமா, குடை எடுத்துக்கிட்டீங்களா, சாவி எங்க. அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் அவள் ஊரான கம்பத்திலிருந்து ஃபோன் வந்துவிட்டால், வேறு ஒரு பெண் வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண் சிரிப்பாள், அதட்டுவாள், யாரையாவது நடித்துக் காட்டுவாள். நான் உள்ளே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் ஒரு வரியும் படிக்காமல், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளோடு எனக்கு இன்னும் அறிமுகம் ஆகியிருக்கவில்லை.

தை பிறந்த சமயம். ஒரு நாள் அவள் தன் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“மாமன் கவாத்து முடிச்சிருச்சாம்மா?”

மாமன் என்று அவள் சொல்வது அவளுடைய அத்தை மகனை. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. வராததால் நான் அவரைப் பார்த்ததில்லை. என் அம்மாவிடம் முன்பே மெல்ல விசாரித்திருந்தேன். “ஆமாடா, அவனுக்குக் குடுக்கிறதாத்தான் இருந்துச்சு. என்னமோ தட்டிப்போச்சு. உனக்கு வாய்ச்சுச்சு” என்று மீனை உரசிக்கொண்டே அம்மா சொன்னாள். என்ன தட்டிப்போனது என்பது அம்மாவுக்கும் தெரியவில்லை.

கவாத்து என்ற சொல்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் படித்ததெல்லாம் மலையாளத்தில். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மாணவர் படைப் பையன்கள் இடது வலது என்று தூசி பறக்க நடப்பார்கள், அதற்குக் கவாத்து என்று பெயர். போலீஸ் செய்வது கவாத்து, பட்டாளம் செய்வது கவாத்து. வேறு கவாத்து எனக்குத் தெரியாது. என் அப்பா பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மூட்டை சுமந்தவர். எங்கள் வீட்டில் புத்தகப் பையைச் சுமந்த முதல் ஆள் நான். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது படிப்பது மலையாளம், சம்பளம் வாங்குவது காக்கநாட்டில் ஆங்கிலத்துக்கு. நிச்சயம் ஆன பிறகு அவள் தமிழில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் படகில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவள் அனுப்பியது ‘சாப்டாச்சா’ என்பதாக இருக்கும். நான் படித்து முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் போயிருக்கும். இன்றைக்கு இதைத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அந்த மெசேஜ்களைப் படிக்கவேண்டும் என்ற வெறிதான் காரணம். எனக்கு முன்னால் அவளுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்பியவர்கள், உடனே படித்து உடனே பதில் போட்டவர்கள் யார் யார் என்றும் அப்போதே யோசித்திருக்கிறேன்.

ஆக, மாமன் போலீஸ். பயிற்சியை முடித்துவிட்ட போலீஸ். காக்கிச் சட்டை, வெட்டிய மீசை, ஆறடி உயரம். மீசையும் உயரமும் நானாகச் சேர்த்துக்கொண்டவை. ஆனால் மற்றதற்கெல்லாம் ஃபோனிலேயே சாட்சி கிடைத்துக்கொண்டிருந்தது. மாமன் வெயிலில் நின்று நின்று கருத்துப் போய்விட்டதாம். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குப் போயிருக்கிறதாம். பிறகு ஒரு நாள், ஆட்களை வரிசையாக நிறுத்தி மாமன் விரட்டி வேலை வாங்குகிறது என்று செய்தி வந்தது. அன்றைக்கு அவரைக் கான்ஸ்டபிளிலிருந்து எஸ்.ஐ. ஆக நானே உயர்த்திவிட்டேன்.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும். அதனால் கேட்காமல், விடியற்காலையில் எழுந்து ஃபோர்ட் கொச்சி மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். ஓடி முடித்து, வியர்த்த சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்து வருவேன். கீழ்வீட்டில் இருப்பவர் எங்கள் வீட்டு ஓனர். வளைகுடாவில் பல வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவர், தெருவே அவரை இக்கா என்றுதான் கூப்பிடும். அவர் வாசலில் பத்திரிகையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“எந்தாடா மோனே, போலீஸில் சேரான் போகுவாணோ?”

போலீஸில் சேரப்போகிறாயா என்று. கேட்பதற்கு எத்தனையோ இருக்க அந்த மனிதர் அதையே கேட்டார். நான் மாடியேறினேன்.

இந்த இக்காவின் திராட்சைக் கொடிதான் அடுத்த வினை. நர்சரியில் வாங்கி, வீட்டு மூலையில் நட்டு, குழாய் வழியாக மொட்டைமாடிக்கு ஏற்றி, அங்கே இரும்புப் பைப்பில் பந்தல் போட்டுப் படர விட்டிருந்தார். பந்தல் முழுக்க இலை. காய் என்று ஒன்று அதில் வந்ததே இல்லை. நிழலுக்கு ஆகும் என்று அவரும் விட்டுவிட்டார். துணி காயப்போட மேலே போன என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் அவரிடமே கேட்டிருக்கிறாள். ஓனரிடம் பேச நான் யோசிப்பேன். அவளுக்கு மலையாளமும் தெரியாது. எப்படிப் பேசினாளோ, மனிதர் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

நான் வேலை முடிந்து வந்தபோது இக்கா வாசலில் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். “நின்டெ கெட்டியோள் என்டெ முந்திரியெ மொட்டயடிச்சு” என்றார். உன் பெண்டாட்டி என் திராட்சையை மொட்டையடித்துவிட்டாள் என்று; திராட்சைக்கு மலையாளத்தில் முந்திரி. மேலே போய்ப் பார்த்தேன். ஒரு இலை கிடையாது. பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாகப் பந்தலில் கொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

“வெட்டி விட்டேன். வெட்டாம விட்டா இது காய்க்காது” என்றாள் மனைவி. என்னிடமும் இக்காவிடமும் அவள் வெட்டு என்றுதான் சொன்னாள். மலையாளத்திலும் அது வெட்டுதானே, புரியட்டும் என்று. தன் ஊர்க்காரர்களிடம் பேசுவதற்கு வேறு சொல் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசி வெயில் ஏறியது. குச்சியின் கணுக்களில் முதலில் ஈரம் கசிந்தது. அப்புறம் பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒன்று வீங்கியது, மறுநாள் அது இளஞ்சிவப்பாக விரிந்தது. இக்கா தினமும் ஏறி வந்து பார்த்தார். துக்கம் தீர்ந்து, தன் மனைவி இத்தாவையும் கூட்டிவந்து காட்டினார். அதற்குள் என் மனைவி இரண்டாவது வேலையை ஆரம்பித்துவிட்டாள். வந்த தளிர்களில் பாதிக்கு மேல் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டாள். இக்கா தலையில் கைவைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காலையில் நான் சாயாவை எடுத்துக்கொண்டு மேலே போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து பார்ப்பேன். வலது கைக் கட்டைவிரலின் நகத்தை அதற்காகவே அவள் வெட்டாமல் வைத்திருந்தாள். தளிரின் அடியில் நகத்தை வைத்து ஒரு பக்கமாகச் சாய்த்தால் சத்தமே வராமல் அது கையோடு வந்துவிடும்.

“ஒரே கணுவுல மூணு கண்ணு வந்துருக்கு பாருங்க. மூணுக்கும் சோறு போட முடியாது. ஒண்ணை விட்டுட்டு ரெண்டைக் கிள்ளிரணும்.”

தளிரைக் கண்ணு என்றுதான் அவள் சொல்வாள். நல்ல கண்ணு, குருட்டுக் கண்ணு, காய்க்கிற கண்ணு. எங்கள் வீட்டில் என்னை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு நான் டேய், அம்மாவுக்கும் டேய். மனைவிக்கு நான் ‘ஏங்க’. வாடகை வீட்டு மொட்டைமாடியில், யாரோ ஒருத்தருடைய செடியின் முளைக்கு அந்தப் பெயர் வாய் நிறையக் கிடைத்துக்கொண்டிருந்தது. சாயா ஆறிவிடும். நான் இறங்கிப் படகைப் பிடிக்க ஓடுவேன். செடியைப் பார்த்து வயிறு எரிகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று படகில் நிற்கும்போது தோன்றும். தோன்றினாலும் எரிவது நிற்காது.

அந்த வாரத்தில்தான் அவள் கேட்டாள்.

“ஊர்ல எங்கப்பா தோட்டத்துலயும் கண்ணு வந்துருச்சாம். கிள்ள ஆள் பத்தலையாம். போயிட்டு வரட்டா?”

எனக்குள் கணக்கு ஓடியது. மாமன் கவாத்தை முடித்துவிட்டார். கவாத்து முடிந்தால் வேலையில் சேருவதற்கு முன்னால் ஊருக்குப் போக லீவு கொடுப்பார்கள். லீவில் அவர் ஊரில் இருக்கிற அதே நேரத்தில் தோட்டத்தில் இவளுக்கு வேலை வருகிறது. திராட்சை என்ன, யார் வேண்டுமானாலும் கிள்ளட்டும்; இவள்தான் போக வேண்டுமா?

“பாக்கலாம்” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “அனுப்பாத. இங்க வந்து இன்னும் காலு ஊனல. போனா அந்த மண்ணு பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் நீ கம்பத்துக்கும் கொச்சிக்கும் அலைய வேண்டியதுதான்” என்றாள் அம்மா. என் பயத்தை அம்மா வாயால் கேட்டது இன்னும் பயமாக இருந்தது. போனால் திரும்பி வருவாளா? வந்தாலும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கிற பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு, சாவி எங்கே என்று கேட்கிற பெண் மட்டும்தான் வருவாளா?

இரண்டு நாள் கழித்து, சோறு பரிமாறும்போது, “ஞாயித்துக்கிழமை மாமன் இங்க வருது” என்றாள். அவ்வளவு நாளில் அவள் என்னிடம் சொன்ன மிகப் பெரிய செய்தி அதுதான்.

ஞாயிறு காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் எதற்கு ஷூ என்று அவள் கேட்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் இல்லை. வந்தவர் என் தோள் உயரம் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, கையில் திராட்சைப் பெட்டி. பக்கத்துத் தோட்டத்து அறுவடையை எறணாகுளம் மார்க்கெட்டில் இறக்க வந்த லாரியில் கூட வந்தாராம். மீசை இருந்தது, ஆனால் வெட்டாமல் இருந்தது.

“வாங்கண்ணே” என்றேன். முறைப்படி எனக்கு அவர் அண்ணன். ஒரு பெண்ணைக் கட்டியிருக்க வேண்டியவரையும் கட்டியவனையும் அண்ணன் தம்பி ஆக்கி வைக்கிற முறை நம்முடையது. உட்கார்ந்தார். பேச்சை நான்தான் ஆரம்பிக்க வேண்டும்.

“கவாத்தெல்லாம் முடிஞ்சதாண்ணே?”

“முடிஞ்சிருச்சு தம்பி. இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

“கஷ்டமாத்தான் இருக்கும். எந்த ஸ்டேஷன்?”

“ஸ்டேஷனா? ரயில்ல வரல தம்பி. லாரிலதான் வந்தேன்.”

“இல்லண்ணே, போஸ்டிங். எஸ்.ஐ.ன்னா நேரா ஸ்டேஷன்லதானே போடுவாங்க.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நின்றாள். என் முகத்தை, என் சட்டையை, என் ஷூவை வரிசையாகப் பார்த்தாள். விடியற்காலை ஓட்டமும் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீங்க மாமனை போலீஸுன்னா நெனச்சீங்க?”

சிரிக்க ஆரம்பித்தாள். செம்பிலிருந்த தண்ணீர் தரையில் கொட்டியது. கொடியை வெட்டுறதுக்குப் பேருதாங்க கவாத்து, அங்க மேல நான் வெட்டினேன்ல, அதுதாங்க, என்று மூச்சு வாங்கிச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மாடிப்படியில் உட்காருகிற அந்தப் பெண் முதல் முறையாக எங்கள் அறைக்குள் வந்து நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“போலீஸுல எடுக்கிற ஒசரமா தம்பி நானு” என்றார் மாமன். அவரும் சிரித்தார்.

அந்த நிம்மதி சாயா குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. டம்ளரை வைத்ததும், “மாமா, மேல ஒரு கொடி இருக்கு, வந்து பாரு” என்று அவள் முன்னால் ஏறினாள். அவர் பின்னால் போனார். நான் ஷூவைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.

அவர் பந்தலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் கையைத் தூக்கினார். அவள் எதிர் மூலைக்குப் போனாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கிள்ளிக்கொண்டே நடுவை நோக்கி வந்தார்கள். அவள் தயங்கி விட்ட தளிரை, அவர் தன் பக்கத்திலிருந்து எட்டிக் கிள்ளினார். அவர் விட்டுவைத்த ஒன்றை அவள் புரட்டிப் பார்த்து, சரி என்று விட்டாள். சுருள்சுருளாக வந்திருந்த பிஞ்சுக் கொடியை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். இன்னொன்றை ஒடித்து, திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினாள். அவரும் பார்க்காமலேயே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஆறடிப் போலீஸ்காரரோடு நான் ஓட்டப் பந்தயம் ஓடியிருப்பேன். இவரோடு எதில் போட்டி போடுவது? என் படிப்பில் எதை எடுத்து நீட்டினாலும், அந்தக் கை பார்க்காமல் வாங்கிக்கொள்ளுமா? நான் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

இக்கா ஏறி வந்தார். அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

“கண்ணுகடி. நல்ல கண்ணுகடி உண்டு இவிடெ.”

மலையாளத்தில் பொறாமைக்குக் கண்ணுகடி என்று பெயர். அவர் என்னைக் குத்துவதற்காகத்தான் சொன்னார், மொட்டைமாடியில் அது எனக்கு மட்டும்தான் புரியும் என்ற தைரியத்தில். ஆனால் பந்தலடியில் இருந்த இரண்டு பேரின் கையும் ஒரே நொடியில் நின்றது.

“கண்ணைக் கடிக்குதா? எந்தப் பக்கம்ணே?” என்று அவள் இக்காவிடம் பதறிப்போய்க் கேட்டாள்.

“வண்டா?” என்றார் மாமன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இக்காவுக்கும்தான். தளிர் விடுகிற சமயத்தில் ஒரு வண்டு வந்து கண்ணைத் துளைத்துத் தின்றுவிடுமாம். ஒரு கண் போனால் அந்த வருஷத்துக்கு அந்தக் கணு போன மாதிரிதானாம். கடி என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு வேறு நினைப்பே வரவில்லை. அவள் கீழே ஓடி, எங்கள் கட்டிலில் விரித்திருந்த படுக்கை விரிப்பையே உருவிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு வந்த புது விரிப்பு. அதைப் பந்தலுக்கு அடியில் நான்கு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். மாமன் ஒரு கையால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பந்தல் பைப்பை உலுக்கினார்.

கண்ணுகடி என்றால் வண்டு இல்லை, என் மனசுதான் என்று சொல்ல என்னால் முடியுமா? இக்கா என்னைப் பார்த்தார், நான் இக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு விரிப்பைப் பிடித்தோம்.

காய்ந்த தோல், தூசி, ஒரு சிலந்தி விழுந்தன. பிறகு செம்பு நிறத்தில், மிளகைவிடச் சின்னதாக, நிஜமாகவே ஒரு வண்டு விழுந்தது. விழுந்து செத்ததுபோல் கிடந்தது. மாமன் அதை நகத்தால் நசுக்கினார்.

“நல்ல வேளைக்கு அண்ணன் பாத்துச் சொன்னாரு. ஒண்ணு இருந்தா நாலு இருக்கும்” என்றார், இக்காவைக் காட்டி.

அன்று மதியம் வரைக்கும் உலுக்கினோம். இக்கா அதற்குள் தனக்கு வண்டைப் பற்றி முன்பே தெரியும் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். இத்தாவை மேலே கூப்பிட்டுக் காட்டி, நான்தான் கண்டுபிடித்தேன் என்றார்.

சாப்பிட்டு முடித்து மாமன் கிளம்பும்போது பொதுவாகச் சொன்னார், தோட்டத்தில் கண்ணு முற்றுகிறது, அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும் என்று. அவள் என்னைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினாள். அவரைப் படகு ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். எறணாகுளத்தில் லாரி ஆட்களோடு தங்கிவிட்டு மறுநாள் பஸ்ஸில் ஊருக்குப் போவதாகச் சொன்னார். பஜார் ரோட்டில் என் அப்பா மூட்டை இறக்கிய கிடங்குகளைத் தாண்டும்போது, எப்படியோ எனக்குத் துணிச்சல் வந்து கேட்டுவிட்டேன், ஏன் நீங்கள் கட்டிக்கொள்ளவில்லை என்று.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் கட்டிக்கிறேன்னுதான் சொன்னேன் தம்பி. அதுதான் வேணாம்னுச்சு. உன்னக் கட்டுனா தோட்டத்துலயும் பந்தலு, வீட்டுக்கு வந்தாலும் பந்தலு, உனக்கு வேற பேச்சே தெரியாது மாமான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிருச்சு.”

எதிரே வந்த மூட்டை வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டுவிட்டு மறுபடி சொன்னார்.

“எனக்கு வருத்தம்தான். பொய் சொல்லக்கூடாது. உங்க மேல கடுப்புலதான் கல்யாணத்துக்கு வரல. படிச்ச பயலாம், ஆபீஸாம், படகுல போவானாம்னு எங்க அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் படகைத்தான் இன்னைக்குப் பாத்துருவோம்னு வந்தேன்.”

படகு வந்தது. அவர் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலாபக்கமும் நன்றாகப் பார்த்தார். ஒரு படகை நினைத்து ஒரு மனிதர் வயிறு எரிந்திருக்கிறார். அதில் தினமும் நின்றுகொண்டு நான் ஒரு செடியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். அவர் என்னிடம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதைப் போல, என்னுடையதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வெளிப்படையான பேச்சும் எனக்கு வராத ஒன்று என்று, திரும்பி நடக்கும்போது அதற்கும் சேர்த்து எரிந்தது.

வீட்டுக்கு வந்து, “போயிட்டு வா” என்றேன். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே காரணம் அந்தப் போலீஸ்காரர். அவர் இல்லாமல் போய்விட்டார்.

அவள் உடனே பையை எடுக்கவில்லை. “இங்க மேல இருக்கிறத யாரு பாக்குறது?” என்றாள்.

“நான் பாக்குறேன்.”

“நீங்களா?” என்று கேட்டு, அன்று காலையில் சிரித்ததில் மிச்சம் இருந்ததைச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் எறணாகுளம் பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். மாமன் ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தார். கொடுத்ததற்கு எரிந்தது. கொடுக்காமல் இருந்திருந்தாலும் எரிந்திருக்கும். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சாயாவோடு மேலே போனேன். பந்தலை வரிசை வரிசையாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். அவள் தோட்டத்திலிருந்து கூப்பிடுவாள். பின்னணியில் ஆட்கள் பேசும் சத்தம், எங்கேயோ மாமன் யாரையோ விரட்டும் சத்தம்.

“மூணாவது படத்துல கொத்து இல்லாம மொட்டையாப் போகுதுல, அதக் கிள்ளுங்க. அய்யோ, அத இல்ல. அது காய்க்கிற கண்ணுங்க. கூறு இருக்கா உங்களுக்கு?”

கூறு இருக்கா என்று அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில், அவள் உட்காருகிற அதே படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள், கொடிக்காக அல்லாமலும். யார் வேலைக்கு வந்தார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று நடித்துக் காட்டினாள். அடுத்த படியில் இக்கா உட்கார்ந்து, ‘எந்தா பறஞ்ஞே’, என்ன சொன்னாள், என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எனக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகும், வைத்தவுடன் அவள் திரும்பி வேறு யாரிடமோ பேசத் தொடங்குவாள் என்ற நினைப்பு வரும். ஃபோனை வைக்கும் முன் மாமனின் குரல் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் நகமும் வளர்ந்தது. நுனியில் கருப்பு ஏறியது. ஆபீஸில் ஒருத்தி, கார் ரிப்பேர் செய்கிறாயா என்று கேட்டாள். சொன்னதை எல்லாம் கிள்ளினேன். ஒன்றைத் தவிர. தொட்டிக்கு நேர் மேலே, ஒரு கணுவில், காய்க்கிற கண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு வேண்டாத கண் இருந்தது. கிள்ள வேண்டியது என்று பார்த்தாலே தெரியும், அந்த அளவுக்கு எனக்கு வந்துவிட்டது. நகத்தை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவள் வந்து பார்த்து, திட்டி, தன் கையால் கிள்ளுவதற்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது. படம் எடுக்கும்போது முன்னால் இருந்த இலையைச் சரித்து அதை மறைத்துவைத்தேன்.

தோட்டத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் அவள் வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் தனியாகத்தான் இறங்கினாள். அம்மாவுக்கு ஃபோன் போட்டு, வந்துட்டா என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பையைப் படியிலேயே வைத்துவிட்டு நேராக மேலே ஏறினாள். நானும் ஏறினேன். பந்தலில் சின்னச் சின்ன பச்சைக் கொத்துகள் தொங்கின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. எதையோ தேடி வந்தவள் மாதிரி நேராகத் தொட்டிப் பக்கம் போய், ஏறி, அந்த இலையை விலக்கினாள். நான் விட்டிருந்தது இப்போது விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

“இருக்கு” என்றாள். “மாமன் சொன்னது சரியாப்போச்சு.”

“என்ன சொல்லுச்சு?”

“போட்டோவைப் பாத்துட்டே சொல்லுச்சு. இந்த எலை தானா சரிஞ்ச எலை இல்ல, யாரோ சரிச்சுவிட்ட எலை, தம்பி உனக்காக ஒண்ணு விட்டு வச்சிருக்காருன்னு.”

நான் யாருக்கும் தெரியாமல் செய்த ஒரே காரியம். அதையும் அந்த மனிதர் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டார்.

அவள் தளிரின் அடியில் நகத்தை வைத்துச் சாய்த்தாள். வந்துவிட்டது. அதன் நுனிச் சுருளை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை, பக்கத்துக் கொத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், பின்னால் நீட்டினாள்.

நான் வாங்கி வாயில் போட்டேன். பல் கூசுகிற புளிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

“மாமன் வேற என்ன சொல்லுச்சு?”